சதம் அடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது?

அரையாண்டு விடைத்தாள் வீட்டுக்கு வருகிறது. கணக்கில் 100க்கு 100. திருவண்ணாமலையில் இப்படிப்பட்ட வீடுகளில் அடுத்து எழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: “வேற பெரிய ஸ்கூல்ல சேர்த்துடலாமா?” அந்தப் பேச்சுக்குப் போகுமுன் மதிப்பெண்ணையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

தாளில் கேட்டதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும் என்பதுதான் சதம் தரும் செய்தி. அதற்கு மேல் எவ்வளவு தெரியும் என்று காட்ட அந்தத் தாளில் இடமே இல்லை. ஒரே வகுப்பில் ஐந்து பேர் சதம் எடுத்திருப்பார்கள். ஒருத்தி பத்தாம் வகுப்புக் கணக்கையே போட்டுவிடுவாள், இன்னொருவன் நோட்ஸை நெட்டுரு போட்டவனாக இருப்பான். இதைப் பிரித்தறியக் காசு செலவில்லாத வழி உண்டு. இரண்டு வகுப்பு மேலே உள்ள பாடப்புத்தகத்தில் ஒரு பயிற்சியை, சொல்லித்தராமல், போடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் திணறல் தொடங்குகிறதோ அதுதான் பிள்ளையின் உண்மையான மட்டம்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் படிப்பவர்களுக்கு இன்னும் நல்ல அளவுகோல் என்.எம்.எம்.எஸ். தேர்வு. உதவித்தொகைக்கான தேர்வாகவே அதைப் பார்க்கிறோம். அதன் மதிப்பெண்ணைப் படித்துப் பார்ப்பவர் குறைவு. இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். முதல் தாளான ‘மேட்’ பாடத்தைக் கேட்பதில்லை. 2, 6, 12, 20, 30, அடுத்தது என்ன என்பது போல இருக்கும். வித்தியாசம் 4, 6, 8, 10 என்று ஏறுவதைப் பிடித்து 42 என்பாள் ஒரு பிள்ளை. இன்னொருத்தி 1×2, 2×3, 3×4 என்று பார்த்து, கேட்காமலே நூறாவது எண்ணையும் சொல்லிவிடுவாள். இரண்டும் சரியான விடை, ஓ.எம்.ஆர். தாளில் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டால்தான் தெரியும்.

இரண்டாம் தாளான ‘சாட்’டில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. ஒரு பிள்ளை மாதிரித் தேர்வில் மேட்டில் 71, சாட்டில் 48 வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 119 என்று பார்த்தால் ‘பரவாயில்லை’. பிரித்துப் பார்த்தால் கதை வேறு: யோசிக்கும் திறன் கூர்மை, புத்தகம் சரியாகப் படிக்கவில்லை, பெரும்பாலும் வரலாறு, புவியியல்தான் இழுத்திருக்கும். இது மூன்று மாதத்தில் சரியாகிற குறை. மேட் 48, சாட் 71 என்றால் உழைப்பாளிப் பிள்ளை; புதிர்களும் புதுவகைக் கணக்குகளும் கொடுத்துப் பழக்க வேண்டும். மொத்தம் ஒன்றுதான், செய்ய வேண்டியது வேறு.

இன்னொரு குழப்பம் பெர்சன்டைல். ஜே.இ.இ. முடிவில் 99 பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 99 மதிப்பெண் அல்ல. எழுதியவர்களில் 99 சதவீதம் பேர் அவருக்குச் சமமாகவோ பின்னாலோ இருக்கிறார்கள் என்று பொருள். பத்து லட்சம் பேர் எழுதியிருந்தால் சுமார் பத்தாயிரம் பேர் அவருக்கு முன்னே நிற்கிறார்கள். ஐ.க்யூ. கணக்கு வேறு: சராசரி 100, 130க்கு மேல் நூற்றுக்கு இரண்டு பேர்தான். உளவியலாளர் தனியாக உட்காரவைத்து எடுக்கும் சோதனையைத்தான் நம்பலாம். செல்போனில் வரும் பத்துக் கேள்வி விளையாட்டுக்கு மதிப்பில்லை.

மதிப்பெண்ணே வராத கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு. இந்த ஊருக்கு வந்த மாணவர்களிலேயே பெரும்பேர் பெற்றவர், 1896இல் மதுரையில் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதச் சொன்ன தண்டனையைப் பாதியில் போட்டுவிட்டு ரயிலேறிய வேங்கடராமன்; பிற்பாடு ரமண மகரிஷி. அவரை முன்னுதாரணமாகச் சொல்லிப் பிள்ளைகள் தப்பித்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது பள்ளி மாற்றும் பேச்சுக்கு வருவோம். அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் விடுதிப் பள்ளிக்கு மாற்றுவது இங்கே வழக்கமாகிவிட்டது. என் பார்வையில் பல வீடுகளில் அது நட்டக் கணக்கு. என்.எம்.எம்.எஸ். உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய், 12ஆம் வகுப்பு வரை வரும். தனியார் பள்ளிக்குப் போனால் நின்றுவிடும். 2020இல் மருத்துவத்துக்கும் அடுத்த ஆண்டு பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் விலகினாலும் அந்தக் கதவு மூடிவிடும். விடுதிச் சூழல்தான் வேண்டும் என்றால், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே உண்டு உறைவிட மாதிரிப் பள்ளி மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது. முதலில் அதை விசாரியுங்கள். நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். மாநகராட்சி ஆகிவிட்ட திருவண்ணாமலைக்குள் படிப்பவர்கள் இதை எழுத முடியாது, கீழ்பென்னாத்தூரில் படித்தால் எழுதலாம். 2023இல் தொடங்கிய முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் 500 மாணவர், 500 மாணவியருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், பட்டப்படிப்பு முடியும் வரை. கணக்கில் பித்துப் பிடித்த பிள்ளை எந்தப் பள்ளியில் இருந்தாலும் ஐ.ஓ.க்யூ.எம். எழுதட்டும், கணித ஒலிம்பியாடுக்கு அதுதான் முதல் படி. பள்ளிக்கே வந்து கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பில் பாதிப் பேருக்குப் பதக்கம் மாட்டும் ‘ஒலிம்பியாடு’கள் வேறு ரகம்.

டபுள் புரமோஷன் கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நீட் எழுத அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவக் கனவுள்ள வீட்டில் ஒரு வகுப்பைத் தாண்டவைத்தால், மிச்சமாகும் அந்த ஆண்டு கடைசியில் சும்மா காத்திருப்பதில் போய்விடக்கூடும்.

என்.எம்.எம்.எஸ்.ஸுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் ஐப்பசியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் வருவாய்த் துறைக்கே தீபத் திருவிழா வேலைதான்.