ரஷ்ய ஏடுகளில் உறங்கிய அறிவியல்

அமெரிக்காவின் மொஹாவே பாலைவனம். 1970-களின் நடுப்பகுதி. திறந்தவெளியில் நட்ட ஒரு கம்பத்தின் உச்சியில், பட்டை தீட்டிய வைரத்தின் வடிவில் ஒரு விமான மாதிரி பொருத்தப்பட்டிருந்தது. அதைச் செய்தது லாக்ஹீட் நிறுவனத்தின் ரகசிய வடிவமைப்புப் பிரிவு. தொலைவில் ரேடார் திரையின் முன் உட்கார்ந்திருந்த ஊழியர், மாதிரி கீழே விழுந்துவிட்டது போலிருக்கிறது, எனக்கு எதுவும் தெரியவில்லை என்றார். பிரிவின் தலைவர் பென் ரிச் எட்டிப் பார்த்தார். மாதிரி வைத்த இடத்திலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்புப் பறவை பறந்து வந்து அதன்மேல் உட்கார்ந்தது. இப்போது தெரிகிறது என்று தலையாட்டினார் ரேடார் ஊழியர். அவர் கண்டது அந்தப் பறவையைத்தான்.

பின்னாளில் பென் ரிச் எழுதிய நினைவுநூலில் இந்தச் சம்பவம் வருகிறது. ரேடார் கண்ணில் படாத விமானத்துக்கான கணக்கின் திறவுகோல் மாஸ்கோவில் அச்சான ஒரு ரஷ்ய ஆய்வு என்பதையும் அவர் அதே நூலில் வெளிப்படையாகச் சொல்கிறார்.

அந்த ஆய்வை எழுதியவர் பியோத்தர் உஃபிம்த்சேவ். சைபீரியாவின் அல்தாய் பகுதியில் 1931-இல் பிறந்தவர். மாஸ்கோவில் வானொலிப் பொறியியல் நிறுவனமொன்றில் வேலை பார்த்தபோது, மின்காந்த அலைகள் ஒரு பொருளில் பட்டு எப்படிச் சிதறுகின்றன என்பதை ஆராய்ந்தார். 1962-இல் 'சோவியத் ரேடியோ' பதிப்பகம் அதை நூலாக வெளியிட்டது. பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடுகள். இதில் ராணுவப் பயன் ஏதும் இருப்பதாகச் சோவியத் தணிக்கையாளர்களுக்குத் தோன்றவில்லை. வெளியிட அனுமதித்துவிட்டார்கள்.

அதில் என்னதான் இருந்தது? ரேடார் அலை ஒரு தட்டையான உலோகத் தகட்டில் பட்டால், கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போல ஒரு திசையில் திரும்பும். தகட்டைச் சாய்த்துவிட்டால் அலை ரேடாரிடம் திரும்பி வராது. இவ்வளவும் முன்பே தெரிந்ததுதான். சிக்கல் தகட்டின் ஓரத்தில் இருந்தது. ஓரங்களில் மின்னோட்டம் வேறு மாதிரி ஓடுவதால் அங்கிருந்து அலை பல பக்கமும் சிதறுகிறது. அதில் ஒரு பங்கு ரேடாருக்கும் போய்ச் சேர்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லும் வழியை உஃபிம்த்சேவ் கொடுத்தார். தட்டைப் பரப்பிலிருந்து வருவதையும் ஓரத்திலிருந்து வருவதையும் கூட்டினால், ஒரு விமானம் ரேடாரில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை விமானத்தைக் கட்டுவதற்கு முன்பே காகிதத்தில் கண்டுவிடலாம்.

அமெரிக்க விமானப்படையில் அயல்நாட்டுத் தொழில்நுட்ப நூல்களை மொழிபெயர்ப்பதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. அது இந்த நூலை 1971-இல் ஆங்கிலமாக்கியது. லாக்ஹீட்டில் ரேடார் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த டெனிஸ் ஓவர்ஹோல்சர் அந்த மொழிபெயர்ப்பைப் பொறுமையாகப் படித்து, அதை வைத்து ஒரு கணினி நிரல் எழுதினார். அன்றைய கணினிகளால் வளைந்த பரப்புகளைக் கணக்கிட முடியவில்லை. அதனால்தான் விமானம் முழுவதும் தட்டைத் தகடுகளால் ஆனது. சோதனை விமானம் 1977 டிசம்பரில் பறந்தது. அதன் வழியில் உருவான எஃப்-117 விமானம் 1981-இல் பறந்தது. அப்படி ஒன்று இருப்பதை அமெரிக்கா 1988-இல்தான் உலகத்துக்கு ஒப்புக்கொண்டது. அந்த எஃப்-117 ஒன்றை 1999 மார்ச்சில் செர்பியாவில் சுட்டு வீழ்த்தியது சோவியத் காலத்து எஸ்-125 ஏவுகணை.

ஒரு நாடு தன் மொழியில் வெளிப்படையாக அச்சிட்டதை அந்த நாடே கண்டுகொள்ளவில்லை. எதிரி நாடு தேடியெடுத்து மொழிபெயர்த்துப் பயன்படுத்திக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் ரஷ்ய அறிவியலில் இது தனியொரு சம்பவமும் அல்ல. முதல்தரமான ஆய்வுகள் பல, மொழியும் ரகசியமும் அதிகாரமும் சேர்ந்து எழுப்பிய சுவருக்குப் பின்னால் கிடந்தன. சில பத்தாண்டு தாமதித்து வெளியே வந்தன. சிலவற்றை உள்ளூர்க்காரர்களே வெளியே வரவிடவில்லை.

அப்படி உள்ளூரிலேயே தடுக்கப்பட்டவர் போரிஸ் பெலொசோவ். 1893-இல் பிறந்தவர், ஜூரிச்சில் வேதியியல் படித்தும் பட்டம் வாங்காதவர், சோவியத் ராணுவத்தில் நச்சுவாயுத் தடுப்பு வேலையில் நெடுங்காலம் இருந்தவர். பிறகு மாஸ்கோவில் உயிர் இயற்பியல் நிறுவனமொன்றுக்கு வந்தார். நம் உடலின் செல்கள் உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் வேதிச் சுழற்சியில் சிட்ரிக் அமிலம் முக்கியமான கண்ணி. அந்தச் சுழற்சியின் ஒரு பகுதியைக் குடுவைக்குள் நடத்திப் பார்க்க நினைத்தார். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. சிட்ரிக் அமிலம், பொட்டாசியம் புரோமேட், கந்தக அமிலம், கொஞ்சம் சீரியம் உப்பு. கலந்து வைத்தார். கரைசல் மஞ்சளானது. சற்று நேரத்தில் நிறம் போனது. மறுபடி மஞ்சள். மறுபடி நிறமில்லை. ஒழுங்கான இடைவெளியில் அது மாறிக்கொண்டே இருந்தது.

வேதிவினை என்றால் ஒரு திசையில் போய்ச் சமநிலையில் அடங்கிவிட வேண்டும் என்பதே அன்றைய பாடம். முன்னும் பின்னும் ஊசலாடும் வினை வெப்ப இயக்கவியல் விதியையே மீறுகிறது என்று நினைத்தார்கள். பெலொசோவ் அனுப்பிய கட்டுரையை ஆய்விதழ் திருப்பியனுப்பியது. இது நடக்கவே முடியாத காரியம் என்று மறுப்பில் கண்டிருந்தது. செய்முறையை எழுதியே அனுப்பியிருந்தார். கலந்து பார்த்தால் சில நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். சில ஆண்டுகள் உழைத்து விரிவான கட்டுரையோடு மறுபடி வேறோர் இதழுக்குப் போனார். அங்கும் கதவு திறக்கவில்லை. வயது அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் மனம் வெறுத்துப்போனார். கடைசியில், 1959-இல் வந்த கதிர்வீச்சு மருத்துவச் சுருக்கங்களின் தொகுப்பொன்றில் ஒரு சிறு குறிப்பாக அது அச்சேறியது. வேதியியலாளர் யாரும் தேடிப் படிக்கும் இடமல்ல அது.

உண்மையில் எந்த விதியும் மீறப்படவில்லை. எரிபொருள் தீரும்வரை, சமநிலைக்கு வெகு தொலைவில் இருக்கும் கலவை இடைநிலைகளில் ஊசலாட முடியும். மொத்த வினை ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிமோன் ஷ்னோல் இந்தச் செய்முறையைத் தன் ஆய்வு மாணவர் அனத்தோலி ஜபோதின்ஸ்கியிடம் 1961-இல் கொடுத்தார். ஜபோதின்ஸ்கி சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் மலோனிக் அமிலத்தை வைத்து வினையின் நுட்பத்தை விளக்கினார். சிவப்பும் நீலமுமாக மாறும் வேறொரு நிறங்காட்டியைச் சேர்த்து, கரைசலைத் தட்டையான கண்ணாடித் தட்டில் மெல்லியதாக ஊற்றியபோது இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது: ஒரு புள்ளியிலிருந்து நீல வளையங்கள் கிளம்பி விரிந்தன, இரண்டு வளையங்கள் மோதிய இடத்தில் இரண்டுமே மறைந்தன, ஓரிடத்தில் அலை அறுபட்டால் அது சுருளாகச் சுழலத் தொடங்கியது. 1968-இல் பிராக் நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே மேலை உலகம் இந்த வினையைக் கவனித்தது.

இந்தச் சுருளலைதான் இந்த வரலாற்றில் நம் உடலைத் தொடும் இடம். இதயத் தசையில் மின்தூண்டல் ஓர் அலையாகப் பரவுகிறது. அது அறுபட்டுச் சுருளாகச் சுழலத் தொடங்கினால் இதயம் ஒழுங்காகச் சுருங்காமல் படபடக்கும். உயிருக்கே ஆபத்தான துடிப்புக் கோளாறு அது. மாஸ்கோவுக்குத் தெற்கே புஷ்சினோ என்ற அறிவியல் நகரில் கிரின்ஸ்கி முதலானோர் இந்தத் தொடர்பைக் கணக்கிட்டு ஆராய்ந்தார்கள். 1980-இல் இந்தக் குழுவுக்கு லெனின் பரிசு கிடைத்தபோது பட்டியலில் பெலொசோவின் பெயரும் இருந்தது. அவர் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. இன்று உலகெங்கும் வேதியியல் நூல்களில் அது பெலொசோவ்–ஜபோதின்ஸ்கி வினை.

விண்வெளி இயற்பியலில் ரகசியம் பறித்துக்கொண்டது இதைவிடப் பெரிய பரிசு. 1957 நவம்பர் 3 அன்று ஏவப்பட்ட ஸ்புத்னிக்-2 என்றால் நமக்கு லைக்கா என்ற நாய் நினைவுக்கு வரும். அதே கலத்தில் செர்கேய் வெர்னோவின் குழு அண்டக் கதிர்களை எண்ணும் கருவிகளையும் வைத்திருந்தது. பூமியைச் சுற்றி மின்னூட்டத் துகள்கள் காந்தப்புலத்தில் சிக்கிச் சுழலும் கதிர்வீச்சுப் பட்டைக்குள் அந்தக் கருவிகள் புகுந்து வந்தன. ஆனால் கலம் சோவியத் நிலத்தின்மேல் பறக்கும்போது தாழ்வாக, பட்டைக்குக் கீழே இருந்தது. உயரமாகப் பறந்தது தென்கோளத்தின்மேல். அங்கே சமிக்ஞையைப் பதிவுசெய்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அதை எப்படிப் படிப்பது என்ற குறியீட்டு விளக்கத்தைச் சோவியத் தரப்பு கொடுக்கவில்லை. பதிவுகளை ஆஸ்திரேலியர்களும் கொடுக்கவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து அமெரிக்காவின் எக்ஸ்ப்ளோரர்-1 ஏறியது. 1958 மே மாதம் ஜேம்ஸ் வான் ஆலன் கண்டுபிடிப்பை அறிவித்தார். பட்டைகளுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனாலும் அடுத்த ஆண்டே வேறொரு முதலிடம் சோவியத் தரப்புக்கு வாய்த்தது. ஸ்புத்னிக்-1-இன் பீப் ஒலிக்கு வானொலிக் கருவி செய்த கான்ஸ்தந்தீன் கிரின்கௌஸ், 1959-இல் லூனா-2 கலத்தில் அயனிப் பொறிகளை வைத்து, சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் காற்றை நேரடியாக அளந்தார். அப்படி ஒரு காற்று இருக்கவேண்டும் என்று அமெரிக்கர் யூஜின் பார்க்கர் 1958-இல் கணக்கிட்டபோது பலர் ஏற்கவில்லை. அளந்து காட்டிய கருவி ரஷ்யருடையது.

உயிரியலுக்கு நேர்ந்தது மிகக் கொடுமை. விதைகளைத் தேடி உலகம் சுற்றிய நிகொலாய் வவிலோவ் 1943-இல் சரத்தோவ் சிறையில் மாண்டார். 1948-இல், மரபியலை மறுத்த வேளாண் அறிவியலாளர் லிசென்கோவின் கை ஓங்கி மரபியலே தடைசெய்யப்பட்டது. மரபியலாளர் திமித்ரி பெலியாயெவின் அண்ணனும் மரபியலாளர்தான். 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். இவ்வளவும் தெரிந்த பெலியாயெவ், 1959-இல் நோவோசிபிர்ஸ்க் அருகே வெள்ளி நரிகளை வளர்த்து, மனிதரைக் கண்டு மிரளாத குட்டிகளை மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தார். நடத்தையை மட்டுமே பார்த்துத் தேர்ந்தும், சில தலைமுறைகளில் காது மடங்கிய, வாலைச் சுருட்டி ஆட்டும், நெற்றியில் வெள்ளைப் புள்ளி விழுந்த நரிகள் பிறந்தன. அவருக்குப் பின் லுத்மிலா துரூத் அந்த ஆய்வைத் தன் வாழ்நாள் முழுக்க நடத்தினார். நாய் எப்படி நாயானது என்று பேசும் எந்த நூலும் இன்று இந்த நரிகளைத் தாண்டிப் போக முடியாது.

மொழிச் சுவரை இயந்திரத்தால் உடைக்க அமெரிக்கர்கள் எடுத்த முதல் முயற்சியும் ரஷ்ய மொழிக்காகத்தான். 1954 ஜனவரி 7 அன்று நியூயார்க் ஐபிஎம் தலைமையகத்தில், 250 சொற்களும் ஆறு இலக்கண விதிகளும் ஏற்றிய கணினி, அறுபதுக்கு மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலமாக்கியது. இன்று கைபேசியில் நாம் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பின் வரலாறு அங்கே தொடங்குகிறது. சோவியத் பக்கமோ 1952-லேயே ஒரு தனி நிறுவனம் வைத்து உலக ஆய்விதழ்களின் சுருக்கங்களை ரஷ்ய மொழியில் குவித்துக்கொண்டிருந்தது.

நமக்கும் இந்த மொழிபெயர்ப்பில் பங்குண்டு. மாஸ்கோவின் மீர் பதிப்பகம் தமிழிலேயே அறிவியல் நூல்களை அச்சிட்டு அனுப்பியது. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் அவற்றை மலிவு விலையில் வாங்கிப் படித்து இயற்பியலில் ஆசை கொண்டவர்கள் தமிழகத்தில் ஏராளம். யாக்கோவ் பெரெல்மானை அவர்கள் மறக்கமாட்டார்கள். குழந்தைக்கும் புரியும்படி இயற்பியல் எழுதிய அவர், 1942-இல் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் பட்டினியால் இறந்தார். வவிலோவ் சேர்த்த விதைகளைச் சாப்பிடாமல் காத்து அவருடைய சக ஊழியர்கள் பட்டினியில் மடிந்ததும் அதே நகரில், அதே முற்றுகையில்தான். சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்தத் தமிழ்ப் புத்தகங்களின் வரத்து நின்றது.

இப்போது சுவர் மறுபடி உயர்கிறது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இயங்கும் ரஷ்யாவின் ஸ்பெக்டர்-ஆர்ஜி கலத்தில் ரஷ்யத் தொலைநோக்கி ஒன்றும் ஜெர்மன் தொலைநோக்கி ஒன்றும் உள்ளன. உக்ரைன் போர் தொடங்கிய மூன்றாம் நாள், 2022 பிப்ரவரி 26 அன்று, ஜெர்மன் கருவியின் வேலை நிறுத்தப்பட்டது. ஒப்பந்தப்படி எக்ஸ்-கதிர் வானத்தில் ஒரு பாதியின் தரவு ஜெர்மானியருக்கு, மறுபாதி ரஷ்யருக்கு. ஜெர்மன் பாதியின் முதல் தொகுதி 2024 ஜனவரியில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. போரை ஆதரிக்காத ஆய்வாளர்களும் இந்தப் பிரிவினையின் விலையைக் கொடுக்கிறார்கள்.

ரஷ்ய ஆய்வுகளைப் படிக்க இன்று உளவுப் பிரிவு எதுவும் தேவையில்லை. 'சைபர்லெனின்கா' என்ற இணைய நூலகம் ரஷ்ய ஆய்விதழ்களின் கட்டுரைகளைக் கட்டணமில்லாமல் தருகிறது. நம் கல்லூரிகளில் உயிரியலும் இயற்பியலும் பொறியியலும் படிக்கும் மாணவர்கள், ஆய்வுத் தலைப்பைத் தேர்வுசெய்யும்போது ஆங்கில இதழ்களோடு நின்றுவிடாமல் அங்கேயும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் அதற்கு வழிகாட்ட வேண்டும். தமிழ்ப் பதிப்பாளர்கள், மீர் வெளியிட்ட தமிழ் நூல்களில் இன்றும் பழுதில்லாதவற்றை, உரிமை பெற்று மறுபடி அச்சிட முன்வர வேண்டும்.