தானமாகக் கொடுக்கும் பையைத் தைத்தது யார்?

ஜூன் மாதம் மும்பையில் பள்ளிகள் திறக்கும். அதற்கு முன்பே தொண்டு நிறுவனங்கள் பரபரப்பாகிவிடும். தாராவி, செம்பூர், கோவண்டி குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் நோட்டும் சீருடையும் கொடுத்தாக வேண்டும். "ஒரு பிள்ளைக்கு இவ்வளவு" என்று சொல்லி நன்கொடை திரட்டியிருப்பார்கள். இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவருக்கு ஆர்டர் போகும். ரசீது இருக்கும், தணிக்கையாளரும் கையெழுத்திடுவார். ஆனால் அந்தப் பையைத் தைத்தவர் யார், பிடிக்காவிட்டால் வேலையை விட்டுப் போக அவரால் முடியுமா என்ற கேள்வி எந்தத் தாளிலும் இருக்காது.

இந்தக் கேள்வியின் கனத்தை பிரிட்டனின் காமிக் ரிலீஃப் தொண்டு நிறுவனம் 2019 ஜனவரியில் உணர்ந்தது. அதன் பாலின சமத்துவ நிதிக்காக ஸ்பைஸ் கேர்ள்ஸ் இசைக்குழுவின் பெயரில் டி-ஷர்ட்கள் விற்கப்பட்டன. ஒன்றின் விலை 19.40 பவுண்டு, அதில் 11.60 பவுண்டு நிதிக்குப் போகும். அவற்றைத் தைத்த வங்கதேச ஆலையில் பெண்களுக்கு மணிக்கு 35 பென்ஸுக்கு இணையான கூலியே கிடைக்கிறது, வசவும் மிரட்டலும் நடக்கின்றன என்று கார்டியன் நாளிதழ் செய்தி வெளியிட்டது. தொண்டு நிறுவனம் விசாரிக்காமல் இல்லை. அது விசாரித்தது ஒரு தயாரிப்பாளரை. இடையிலிருந்த விற்பனை நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் வேறொருவருக்கு மாறியிருந்தது. விசாரித்தவர்களுக்கே இந்த நிலை என்றால், விசாரிக்காதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் எதைக் கொத்தடிமை என்கிறது?

2021-இல் உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேர் நவீன அடிமைத்தனத்தில் இருந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் அதன் கூட்டு அமைப்புகளும் மதிப்பிட்டன. அவர்களில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பிலும் மற்றவர்கள் கட்டாயத் திருமணத்திலும் சிக்கியவர்கள். நம் நாட்டில் ஒருவரைக் கட்டிப்போடப் பெரும்பாலும் முன்பணம் ஒன்றே போதும்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் குறிவைப்பது இதைத்தான். வாங்கிய முன்பணத்துக்காகக் கூலியில்லாமலோ சொற்பக் கூலிக்கோ உழைப்பதும், வேறு வேலைக்குப் போகவோ ஊர் திரும்பவோ முடியாமல் இருப்பதும் கொத்தடிமைத்தனம். அந்தக் கடன் சட்டப்படி செல்லாது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு, பணம் கொடுத்தவருடையது.

டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழான கூலிக்கு ஒருவர் உழைக்கிறார் என்றால், வறுமையின் நெருக்கடிதான் அவரை உழைக்க வைக்கிறது. அதுவும் அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றார் நீதிபதி பி.என்.பகவதி.

பட்டறையில் நடப்பது

திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன தமிழர்கள் தோல் பதனிட்டு வளர்த்த தொழில் பகுதி தாராவி. இன்று பல மாநிலத்தவர் அங்கே தைக்கிறார்கள். பட்டறை என்பது பெரும்பாலும் ஒற்றை அறை. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மேலே நான்கைந்து தையல் மெஷின்கள். பகலில் துணி வெட்டும் இடமே இரவில் படுக்கை. கூலி பீஸ் கணக்கு. பல பட்டறைகளில் வாரக் கடைசியில் சேட், அதாவது முதலாளி, கையில் கொடுப்பது 'கர்ச்சி' எனப்படும் செலவுக் காசு மட்டும்தான். மிச்சக் கூலி அவருடைய நோட்டில் ஏறும்; பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது கணக்குத் தீரும். ஊரில் வீட்டாருக்கு அட்வான்ஸ் கொடுத்து அழைத்து வரப்பட்டவர் என்றால் அதுவும் அதே நோட்டில் கழியும்.

இதையெல்லாம் அடிமைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. பட்டறை முதலாளிகளில் பலர் நேற்றுவரை மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள்தான். கூலி பிடிக்காமல் அடுத்த சந்துக்கு மாறிப்போகும் தொழிலாளிகளும் ஏராளம். ஆனால் கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருக்கும்போது, கணக்கு முடியாமல் போக முடியாது என்ற ஒரு சொல்லால் ஒருவரை நிறுத்திவைக்க முடிகிறது. ஆதார் அட்டையும் சேட்டிடம் இருந்தால், ஊருக்குப் போகும் வழியும் அடைபட்டுவிடும்.

சிறுவர்கள் என்றால் கொடுமை இன்னும் கூடும். செம்பூரை ஒட்டிய கோவண்டியில் 2005-இல் ஒரு ஜரிகைப் பட்டறைச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டான். அதன்பிறகுதான் மும்பையில் பட்டறை பட்டறையாகச் சோதனை நடந்தது. மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பீகாரிலிருந்து அழைத்து வரப்பட்ட பிள்ளைகள். இது அடுத்த மாநிலத்தவர் கதை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து, பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து, வட மாநில முறுக்குப் பட்டறைகளுக்குச் சிறுவர்களைக் கொண்டுபோனதும் அவர்கள் மீட்கப்பட்டதும் நடந்திருக்கின்றன.

சொந்தக் கூரையின் கீழ்

வெளியில் வாங்கும் பொருளில் மட்டும் இந்த ஆபத்து இல்லை. செம்பூரில் மாணவர் விடுதி நடத்தும் டிரஸ்டோ, மாட்டுங்காவில் அன்னதானத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் விடும் சமாஜமோ, வாசலில் நிற்கும் காவலாளியை ஏஜென்சி மூலம் எடுக்கிறது. பாத்திரம் கழுவுபவரும் கழிவறை சுத்தம் செய்பவரும் ஒப்பந்த ஆட்கள்தான். நிறுவனம் கொடுக்கும் தொகையில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது? சேர்ந்த முதல் மாதச் சம்பளத்தை டெபாசிட் என்று ஏஜென்சி பிடித்து வைத்திருக்கிறதா? இவை டிரஸ்டிகளின் காதுக்கு வருவதே இல்லை. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை நிறுவனமே கொடுத்தாக வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த விதி. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது.

நல்லவர்கள் ஏன் தவறுகிறார்கள்?

தொண்டு நிறுவனங்களைச் சிக்கனம் நெருக்குகிறது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டு நன்கொடையில் அந்த வரம்பு 2020-இல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. நன்கொடையாளரும் கொடுத்த ரூபாயில் எத்தனை காசு ஏழையைச் சேர்ந்தது என்றே கேட்கிறார். இதனால் காவலாளியும் துப்புரவாளரும் மலிவான ஒப்பந்தத்துக்குப் போகிறார்கள். பையின் விலையும் கீழே இறங்குகிறது. ஏழைக்கு உதவத் திரட்டிய பணம் இன்னொரு ஏழையின் கூலியில் கைவைக்கிறது.

பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருவாய் 3.6 கோடி பவுண்டை எட்டும் வணிக நிறுவனங்களும், வணிகத்தில் ஈடுபடும் பெரிய தொண்டு நிறுவனங்களும் அடிமைத்தனத்தைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகளை ஆண்டுதோறும் அறிக்கையாக வெளியிட வேண்டும். ஆனால் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தச் சட்டத்துக்குப் போதும். தொழிலாளியைக் காப்பாற்ற அறிக்கை மட்டும் உதவாது.

டிரஸ்டிகள் செய்ய வேண்டியவை

முதலில் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பையின் விலையில் துணி, ஜிப், வார், வாடகை, லாபம் எல்லாம் போக மிஞ்சுவது தையல் கூலி. ஒருவர் எட்டு மணி நேரத்தில் எத்தனை பை தைக்க முடியுமோ, அத்தனையால் அதைப் பெருக்குங்கள். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் வராவிட்டால், அந்த விலைக்கு நேர்மையாகத் தைக்க முடியாது. மலிவாகக் கிடைத்தது என்று மகிழ வேண்டாம்.

ஆர்டரைக் காலத்தோடு கொடுங்கள். மே கடைசியில் ஆயிரம் பை கேட்டால் ராத்திரி முழுக்க மெஷின் ஓடும். வேலை வேறு பட்டறைக்குக் கைமாறும். கைமாற்றக் கூடாது, மாற்றினால் எங்கே என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு நேரில் போங்கள். முதலாளி பக்கத்தில் இல்லாதபோது, தொழிலாளியின் மொழி தெரிந்தவரை வைத்துப் பேசுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, கணக்கு நோட்டைப் பார்க்க முடியுமா, ஆதார் யாரிடம் இருக்கிறது, நாளையே ஊருக்குப் போக முடியுமா என்று கேளுங்கள். ஏஜென்சி மூலம் வந்தவர்களின் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று மாதாமாதம் பாருங்கள்.

தவறு தெரிந்ததும் ஆர்டரை ரத்து செய்துவிட்டு ஒதுங்குவது சரியல்ல; தொழிலாளி அப்படியே கிடப்பார், அல்லது கண்காணாத இடத்துக்கு மாற்றப்படுவார். தாங்களே போய்ச் சோதனை நடத்துவதும் ஆபத்து. சிறுவர்கள் என்றால் 1098-ஐ அழைக்க வேண்டும். அந்த உதவி எண் 1996-இல் செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் முயற்சியில் மும்பையில்தான் தொடங்கியது. பெரியவர்கள் என்றால் மாவட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதிகாரி தரும் விடுவிப்புச் சான்றிதழ் கடன் ரத்தானதற்கு அத்தாட்சி. மத்திய அரசுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரையிலும், பிறகு நிலைமைக்கு ஏற்ப ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரையிலும் மறுவாழ்வுத் தொகை பெறலாம். அந்தப் பணம் கைக்கு வரும்வரை கூட நிற்பதுதான் உண்மையான தொண்டு.

நன்கொடை கொடுக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பணம் கொடுக்கும்போது எத்தனை பிள்ளைகளுக்குப் பை கிடைக்கும் என்பதோடு, அதைத் தைப்பவருக்கு என்ன கூலி என்றும் கேளுங்கள். நியாயமான கூலியால் நூறு பை எண்பதாகக் குறைந்தால் குறையட்டும். மீதி இருபதுக்கும் சேர்த்துக் கொடுக்க மும்பைத் தமிழர்களிடம் மனமும் வசதியும் உண்டு.