கதிருக்குக் கைகொடுக்கும் உலோகம்

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் பலர் நடந்து சேர்த்த நிதி, அதைக் கட்ட உதவியது.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவது அதற்கு முக்கிய காரணம். நோய் முற்றியவர்களுக்கு வைத்தியர்கள் பல நேரம் கதிர்ச் சிகிச்சையோடு 'சிஸ்பிளாற்றின்' என்ற மருந்தையும் ஏற்றுவார்கள். அதன் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு பிளாற்றினம் அணு இருக்கிறது. நகை செய்யும் அதே பிளாற்றினம்தான்!

கதிரும் மருந்தும் ஏன் சேர வேண்டும்?

நம் கலங்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ, முறுக்கிய நூலேணி போன்றது. கதிர் பாயும்போது கலத்திலுள்ள நீர் மூலக்கூறுகள் உடையும். அவற்றிலிருந்து பிறக்கும் துணுக்குகள் டி.என்.ஏயைத் தாக்கும். அதன் இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அறுந்தால், கலம் அதை எளிதில் ஒட்டிவிடும். இரண்டு இழைகளும் அருகருகே அறுந்தால் திருத்துவது கடினம். திருத்த முடியாவிட்டால் கலம் இறந்துவிடலாம்.

சிஸ்பிளாற்றின் கலத்துக்குள் போனதும் தன்னிடமுள்ள குளோரின் அணுக்களை விட்டுவிட்டு, டி.என்.ஏயில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 'குவானின்' என்ற இரண்டு பகுதிகளைப் பற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் டி.என்.ஏ வளைந்துவிடும். கதிர் உண்டாக்கிய வெட்டுகளைத் திருத்த வரும் புரதங்களுக்கு வேலை தடைப்படும். இன்னொன்றும் உண்டு. கதிர் பாயும் இடத்தில் வேகம் குறைந்த இலத்திரன்கள் ஏராளமாக வெளிப்படும். சிஸ்பிளாற்றின் ஒட்டிய டி.என்.ஏ அவற்றால் கூடுதலாக அறுகிறது என்பதை, கனடாவின் ஷேர்ப்றூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சாஞ்ச் குழுவினர் ஆய்வுகூடத்தில் கண்டார்கள்.

இந்த மருந்தின் ஆற்றல் தெரியவந்தது தற்செயலாக. 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பேர்க், பிளாற்றினக் கம்பிகள் வழியாக மின்சாரம் செலுத்தி பற்றீரியாக்களை ஆராய்ந்தார். அவை பிரியாமல் 300 மடங்கு வரை நீண்டன. கரைந்த பிளாற்றினமே கலப்பிரிவைத் தடுத்தது. 1978இல் சிஸ்பிளாற்றின் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

ஆனால் நல்ல கலங்களையும் இது தாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதனால்தான் மருந்துக்கு முன்னும் பின்னும் சேலைன் ஏற்றுகிறார்கள். அலுமினியத்தோடு சேர்ந்தால் மருந்து கறுத்துப் படிந்துவிடும் என்பதால், அலுமினியம் உள்ள ஊசிகளைத் தொடவே மாட்டார்கள்.

அப்பப்பாவோ அம்மம்மாவோ புகையிலை போட்டால், விட்டுவிடச் சொல்லுங்கள். வாய்ப்புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா? உடனே வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் வாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் குணப்படுத்த முடியும்.