இல்லம் தேடி வந்த மருத்துவம்

நோயுற்றார் மருத்துவமனையை நாடிச் செல்லுதலே உலக வழக்கு. ஆயின், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஒரு நாளில் தீர்வன அல்ல. அவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் அவை விலையின்றிக் கிடைக்கும் என்பது உண்மையே. எனினும், சிங்காரப்பேட்டையை அடுத்த சிற்றூரில் வாழும் கூலியாள் ஒருவர் பேருந்தேறிச் சென்று வரிசையில் நின்றால், அன்றைய கூலி போயிற்று. விலையில்லா மருந்துக்கும் விலை உண்டு என்பதை அவர் அறிவார்! வலி ஒன்றும் தோன்றாமையால் மாத்திரையைக் கைவிடுகிறார். நோயோ அவரைக் கைவிடுவதில்லை. ஓசையின்றிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கின்றது.

இக்குறையை நீக்க எழுந்ததே 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசு இதனைத் தொடங்கிற்று. மகளிர் தன்னார்வலர் வீடு வீடாகச் சென்று, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து மாத்திரை வழங்கவும், படுக்கையிற் கிடப்போரைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் கண்டு பணிபுரியவும் வகை செய்யப்பட்டது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் இதற்குக் கிடைத்தது.

விருதினும் பெரிதாக யான் கருதுவது வேறொன்று. வாயிலில் வந்து நிற்பவர் அவ்வட்டாரத்துப் பெண்ணே. மருத்துவர்முன் வாய் திறக்கக் கூசும் மூதாட்டியும், "பத்து நாளாக மாத்திரை போடவில்லை, அம்மா" என்று அவரிடம் ஒளியாது கூறிவிடலாம்.