வீட்டு நாய்க்கு ஞாயிறு குளியல்: நகக் கீறலை மட்டும் சும்மா விடாதீங்க!

சென்னை:

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி. மொட்டை மாடியில் ஒரே அமர்க்களம்!

"ஏங்க, வாலை விட்டுட்டு கழுத்தைப் புடிங்க!"

"நீ முதல்ல தண்ணிய ஊத்து!"

"அப்பா, டைகர் ஓடுது!"

ஏதோ சண்டை என்று நினைக்க வேண்டாம். வீட்டு நாய்க்குக் குளியல்! கடைசியில் நாய் அரைகுறையாக நனைந்திருக்கும். வீட்டுக்காரர் முழுசாக நனைந்திருப்பார்.

நாய் வளர்க்கும் வீடுகளில் வழக்கமாக நடக்கும் கூத்து இது. இதைக் கலாட்டா இல்லாமல் முடிக்க வழி இருக்கிறது. செலவும் அதிகம் இல்லை.

மாதம் ஒரு தடவை

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில்தான் வியர்க்கும். சூட்டைத் தணிக்கத்தான் அது நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிறது. எனவே தினமும் குளியல் தேவை இல்லை. மாதம் ஒரு தடவை போதும். சேற்றில் புரண்டு வந்தால் அது வேறு விஷயம்!

நாய்த் தோலில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அடிக்கடி சோப்பு போட்டால் அது போய்விடும். தோல் வறண்டு, அரிப்பு எடுக்கும். அப்புறம் நாய் ராத்திரி பூரா சொறிந்துகொண்டே இருக்கும். தோல் நோய்க்காக டாக்டர் அடிக்கடி குளிப்பாட்டச் சொன்னால், அதன்படி செய்யலாம்.

ஃபினாயில் வேண்டாம்!

நாம் போடும் சோப்பும் ஷாம்புவும் நாய்க்கு ஒத்துவராது. மனிதத் தோலில் உள்ள அமிலத் தன்மை நாய்த் தோலில் அந்த அளவுக்குக் கிடையாது. நாய்க்கென்றே விற்கும் ஷாம்புவைத்தான் வாங்க வேண்டும்.

சிலர் உண்ணி சாகட்டும் என்று தண்ணீரில் ஒரு மூடி ஃபினாயில் கலந்து ஊற்றுகிறார்கள். இது ஆபத்து! குளித்து முடித்ததும் நாய் தன் உடம்பை நக்கும். விஷம் நேராக வயிற்றுக்குப் போகும். தோலும் வெந்துபோகும்.

சாக்கு போதும்

முதலில் முடியைச் சீவி, சிக்கு எடுத்துவிட வேண்டும். நனைந்த பிறகு சிக்கு இன்னும் இறுகும்.

தரையில் ஒரு பழைய சாக்கை விரியுங்கள். கால் வழுக்கினால்தான் நாய் மிரண்டு ஓடுகிறது. சாக்கில் நின்றால் பாதி கலாட்டா குறையும். இரண்டு காதிலும் கொஞ்சம் பஞ்சு வையுங்கள். ஆழமாகத் திணிக்க வேண்டாம். குளியல் முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மே மாதம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் எப்படிக் கொதிக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையை வைத்துப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.

கழுத்திலிருந்து கீழாக மெதுவாக ஊற்ற வேண்டும். தலையில் ஊற்றக் கூடாது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தால் போதும். நுரை சுத்தமாகப் போகும் வரை அலசுங்கள். நுரை தங்கிய இடத்தில் அரிப்பு வரும். பிறகு துண்டால் நன்றாகத் துவட்டி, ஒரு பிஸ்கெட் கொடுங்கள். அடுத்த மாதம் பக்கெட்டைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் ஒளியாது!

ரத்தம் குடிக்கும் உண்ணி

குளிப்பாட்டும் நேரம்தான் உண்ணி பார்க்க நல்ல நேரம். காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில் பாருங்கள். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். சுவர் விரிசலில் கூடப் போய் முட்டை வைக்கும். நாயை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. அது படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும்.

உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக இழுங்கள். உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே வாங்கிவிடும். சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே கால்நடை டாக்டரிடம் போக வேண்டும்.

உண்ணிக்காக முதுகில் மருந்து விட்டிருந்தால், அதற்கு முன்னும் பின்னும் 2 நாள் குளியல் வேண்டாம். மருந்து வேலை செய்யாமல் போய்விடும்.

"நம்ம நாய்தானே!"

இப்போது முக்கியமான விஷயம். குளிக்கும்போது மிரண்ட நாய் பிராண்டும். சில நேரம் பல்லும் படும். "நம்ம வீட்டு நாய்தானே, என்ன ஆயிடும்?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளோ, திட்டு விழும் என்று பயந்து, சொல்லாமலே மறைத்துவிடுகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து! தெருவுக்குப் போனபோது வெறி பிடித்த நாய் கடித்திருந்தால், வீட்டு நாய்க்கும் வெறி நோய் வரும். நோயின் அறிகுறி மனிதனுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டால், பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். ஆனால் உடனே கவனித்தால் தடுத்துவிடலாம்.

கீறலோ கடியோ பட்டால், குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித் தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். நாயையும் 10 நாள் கண்காணிக்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் பழைய கதை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் டாக்டர் சொன்ன தேதி ஒன்றைக்கூடத் தவற விடக் கூடாது.

ஊசிப் புத்தகம் எங்கே?

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். வேப்பேரியில் 1903-ம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மாநகராட்சி உரிமம் வாங்கவும் இந்த ஊசிக்கான சான்று தேவை.

எனவே இந்த ஞாயிறு பக்கெட்டை எடுக்கும் முன், பீரோவைத் திறந்து நாயின் ஊசிப் புத்தகத்தைப் பாருங்கள்.

குளியல் தவறினால் அடுத்த வாரம் குளிப்பாட்டிக் கொள்ளலாம். ஊசி தவறினால்...?