முதல் டயாலிசிஸும் அடைப்பில்லாத நெஞ்சுவலியும்

டயாலிசிஸ் தொடங்கிய முதல் மூன்று மாதங்களில்தான் உயிராபத்து அதிகம். அதில் பெரும்பங்கு இதயத்தால் வருவது. ஆனால் எல்லாமே ரத்தக்குழாய் அடைப்பு அல்ல.

1990-ல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த தகோட்சுபோ என்ற கோளாறு உண்டு. கடும் மனஅதிர்ச்சியோ உடல் நெருக்கடியோ வரும்போது அட்ரினலின் பெருக்கெடுத்து, இதயத்தின் இடது கீழறை நுனி துடிப்பிழந்து உப்பிவிடுகிறது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஈசிஜி மாற்றம் எல்லாம் மாரடைப்பைப் போலவே இருக்கும். ஆஞ்சியோவில் மட்டும் அடைப்பு தெரியாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே பெரும்பாலும் வருகிறது. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். அதற்குள் துடிப்பு தாறுமாறாகி இறப்பவர்களும் உண்டு.

சிறுநீரக நோயாளியிடம் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். மாரடைப்பைக் காட்டும் டிரோபோனின் என்ற ரத்தப் புரதம் இவர்களில் பலருக்கு எப்போதுமே கூடுதலாகத்தான் இருக்கும். ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாது; சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நாள்பட்ட சர்க்கரை இருந்தால் வலியே தெரியாமலும் போகும். மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, வாந்தி, சட்டென்று இறங்கும் பிரஷர் இவைதான் அடையாளம். “முதல் தடவை அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க” என்று பக்கத்துப் படுக்கைக்காரர் தேற்றுவார். நல்ல மனசுதான், ஆனால் அதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது.

நெருக்கடியை நாமே வளர்த்துக்கொள்வதும் நடக்கிறது. “மெஷின்ல போட்டா அவ்வளவுதான்” என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, நடுராத்திரியில் மூச்சுமுட்ட வந்து, கழுத்தில் குழாய் போட்டுத் தொடங்குபவர்கள் ஏராளம். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்கான ரத்தக்குழாய் இணைப்பு) போட்டால் அது தயாராகவே ஆறு வாரமாவது ஆகும். ஆகவே முன்கூட்டியே டாக்டரிடம் பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்று, தண்ணீர். உடம்பில் தேங்கியதை மெஷின் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் இழுத்தால் இறப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 60 கிலோ உடம்புக்கு, நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டர் சொச்சம். நாலரை லிட்டர் ஏற்றிக்கொண்டு வந்து “இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துடுங்க” என்று டெக்னீஷியனிடம் கெஞ்சுபவருக்கு, அடைப்பே இல்லாமல் இதயத்தசை மரத்துப்போகலாம்.

தகோட்சுபோவில் சிலருக்கு இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழி குறுகிவிடும். அப்போது தண்ணீரை இழுப்பதும், பிரஷரை ஏற்ற அட்ரினலின் வகை மருந்து கொடுப்பதும் நிலைமையை மோசமாக்கும். அதனால் மெஷின் ஓடும்போது நெஞ்சு அடைத்தால் அப்போதே சொல்லுங்கள். ஈசிஜியோடு எக்கோவும் எடுப்பார்களா என்று கேளுங்கள்.