‘விடியட்டும் பார்ப்பம்’: நெஞ்சுநோவும் படபடப்பும் காத்திருக்காது

வன்னியிலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். மருத்துவ விடுதியிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் மாறிமாறிக் கடமை. நெஞ்சுநோவோடு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை மணிக்குத் தொடங்கினது?” என்பதுதான். காலை ஏழு மணிக்கு வந்து நிற்பவர் சொல்லும் பதில் அநேகமாக இப்படி இருக்கும்: “ராத்திரி ஒரு மணி இருக்கும் மிஸ். வாய்வெண்டு நினைச்சன். விடியட்டும் பார்ப்பம் எண்டு இருந்தனான்.”

அதிகாலையில் மாரடைப்புச் சற்றுக் கூடுதலாக வருவது உலகெங்கும் கண்டறியப்பட்ட விடயம். நான் சொல்ல வருவது அதைப்பற்றியல்ல. ஒரு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் போன அந்த ஆறு மணித்தியாலத்தைப் பற்றி.

அந்தக் காத்திருப்பு எங்கிருந்து வந்தது என்று எங்கள் சனத்துக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஊரடங்கு இருந்த இரவுகளில் வாசற்படலையைத் திறப்பதே உயிர் ஆபத்து. சோதனைச்சாவடி திறக்கும்வரை நோயாளியை மடியில் கிடத்திக்கொண்டு இருந்த குடும்பங்கள் எத்தனை. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, பகலிலும் போக வழியில்லாத நிலை வந்தது. அந்த நாட்களில் ‘விடியட்டும்’ என்பது யோசித்து எடுத்த சரியான முடிவு. பாதை திறந்து இத்தனை வருடமான பின்பும் அந்த முடிவு வீட்டுக்குள் அப்படியே இருக்கிறது என்பதுதான் எனக்குள்ள கவலை. பொறுத்துக்கொள்வதை ஒரு திறமையாகவே பழகியவர்கள் நாங்கள். இதயம் அந்தப் பழக்கத்துக்கு ஒத்துவராத உறுப்பு.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களை முடியுருநாடிகள் என்பார்கள். அவற்றின் உட்சுவரில் வருடக்கணக்காகக் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்க, அதன்மேல் இரத்தம் கட்டிபட்டுக் குழாய் அடைபடுகிறது. அதற்கு அப்பாலுள்ள தசை அரை மணித்தியாலம் அளவிலிருந்தே சாகத் தொடங்கும். செத்த தசை மீண்டும் வளராது. கட்டியைக் கரைக்கும் மருந்தை நோ தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் கொடுக்கலாம் என்பது விதி. அதனால் பன்னிரண்டு மணித்தியாலம் அவகாசம் இருக்கிறதென்று யாரும் எண்ணக்கூடாது. முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் கொடுத்தால் கிடைக்கும் பலனும் பத்தாவது மணித்தியாலத்தில் கொடுத்தால் கிடைக்கும் பலனும் ஒன்றல்ல.

நோயாளி கட்டிலுக்கு வந்ததும் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்குத் தடையாக இருப்பவற்றில் ஒன்று வெட்கம். நெஞ்சைத் திறக்கவேண்டும் என்றதும் அம்மாமார் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடிப்பார்கள். திரையை இழுத்து, ஆண்களை வெளியே அனுப்பி, ஒரு துணியால் மூடிக்கொண்டு ஒவ்வொரு ஒட்டியாக வைப்போம். நெஞ்சில் பழைய காயத் தழும்பு உள்ளவர்களுக்கு ஒட்டி சரியாகப் பிடிக்காது, கொஞ்சம் விலத்தி வைத்து அதைக் குறித்துவிடுவோம். இதை எழுதுவதற்குக் காரணம், வீட்டிலிருக்கும்போதே பெண்கள் இதைத் தெரிந்துகொண்டால் அங்கே நிமிடங்கள் மிச்சமாகும் என்பதுதான்.

ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவர்களுக்கு அஸ்பிரின் 300 மில்லிகிராமை மென்று விழுங்கக் கொடுப்போம். பிறகு கட்டி கரைக்கும் மருந்து. ஸ்ரெப்ரோகைனேஸ் என்றால் 15 இலட்சம் அலகை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் சேலைனோடு ஏற்றுவோம். அந்த ஒரு மணித்தியாலமும் தாதி கட்டிலை விட்டு நகரமாட்டாள். அழுத்தம் சடுதியாக இறங்கும். முரசிலோ சிறுநீரிலோ இரத்தம் தெரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா, தலையிடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடைப்புத் திறக்கும் நேரத்தில் துடிப்பும் தாறுமாறாகும்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெஞ்சுநோவுக்கு முதலில் எங்காவது ஒரு மருந்தகத்தில் நோவூசியைப் புட்டத்தில் போட்டுக்கொண்டு, அது கேட்காமல் போன பிறகு எங்களிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நேரம் போனது ஒன்று. கட்டி கரைக்கும் மருந்து ஏறும்போது அந்த ஊசி போட்ட இடத்தில் உள்ளே இரத்தம் கசிந்து கண்டிப்போவது இன்னொன்று. இதயத்தில் சந்தேகம் இருந்தால் தசையில் ஊசி வேண்டாம்.

ஸ்ரெப்ரோகைனேஸ் ஒருமுறை ஏற்றியவருக்கு உடம்பில் அதற்கெதிரான சக்தி உருவாகிவிடும். மறுபடி அதையே கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். அதனால்தான் வீட்டுக்குப் போகும்போது தரும் அட்டையைத் தொலைக்கவேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

மோட்டார் சைக்கிளைப் பற்றியும் சொல்லவேண்டும். மகன் ஓட்ட, அப்பா நடுவில் இருக்க, மருமகன் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வருவார்கள். அன்பில் குறையில்லை. ஆனால் மாரடைப்பின் முதல் மணித்தியாலத்தில் பலர் சாவது தசை செத்ததனால் அல்ல, துடிப்புக் குழம்பியதனால். கீழறைகள் துடிக்காமல் நடுங்கத் தொடங்கிவிட்டால் இரத்தம் வெளியே போகாது, ஆள் சில வினாடிகளில் விழுந்துவிடுவார். மின்னதிர்ச்சி கொடுத்தால்தான் மீளும். கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. மோட்டார் சைக்கிளின் நடுவில் இது நடந்தால் பின்னாலிருப்பவருக்குத் தெரியக்கூட மாட்டாது. 1990 இலக்கத்துக்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016 இல் தெற்கில் தொடங்கிய இந்தச் சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது. அதில் ஒக்சிசனும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருப்பார்கள். விழுந்தவர் மூச்சில்லாமல் கிடந்தால், வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்றிமீற்றராவது தாழும்படி அழுத்துங்கள். விலா முறியுமோ என்று பயந்து மெதுவாக அழுத்துவதில் பயனில்லை.

எல்லோருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நோ வரும் என்றில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போனதால் நோவே தெரியாமல் வரலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் களைப்பு, மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, சத்தி, தாடையிலோ முதுகிலோ ஒரு பாரம் என்று வரும். இஞ்சி போட்ட பிளேன்ரீயும் இரண்டு பனடோலும் குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள். வியர்த்துக்கொட்டுகிற ‘வாய்வு’ எதுவானாலும் அதற்கு ஒரு ஈ.சி.ஜி. வேண்டும்.

இனி, படபடப்பு. இதைப்பற்றித்தான் எனக்குக் கூடச் சொல்ல இருக்கிறது.

“நெஞ்சு படபடக்குது” என்று வரும் அம்மாவுக்குக் காரணத்தைக் கூட வந்தவர்களே சொல்லிவிடுவார்கள்: யோசினை. மகனைத் தேடிக்கொண்டிருக்கிறா, அல்லது கடைசி நாட்களில் கணவரைப் பறிகொடுத்தவ, அதனால் படபடப்பு. அந்த அம்மாவும் தலையாட்டுவா. பலவேளை அது உண்மையும்கூட. பதற்றத்தில் இதயம் வேகமாக அடிக்கும், கை விறைக்கும், மூச்சு முட்டும். ஆனால் துக்கம் இருக்கிற உடம்பில் இதய நோய் வராது என்று ஒரு சட்டமும் இல்லை. நேர்மாறாக, போர் போன்ற அனுபவத்தின் பின் நீண்டகாலம் மனவடுவோடு வாழ்பவர்களுக்கு முடியுருநாடி நோயின் ஆபத்துக் கூடுதல் என்றே ஆய்வுகள் சொல்கின்றன. யோசினை என்பது ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகு சொல்லவேண்டிய சொல். எடுக்க முதல் சொல்லக்கூடாது. இதை வைத்தியசாலைக்குள் இருக்கிற எங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பிரித்தறிய வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஆறுதலாக இருக்கும்போது 60 இலிருந்து 100 வரை இயல்பு. பதற்றத்தில் துடிப்புப் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். ஆழி போட்டதுபோல ஒரு கணத்தில் 150, 180 என்று தொடங்கி, அதேபோல ஒரு கணத்தில் நின்றால் அது மின்னோட்டக் கோளாறாக இருக்கக்கூடும். எண்ணிக்கை எப்படி இருந்தாலும் ஒழுங்கில்லாமல், ஒன்று நீண்டு ஒன்று குறுகி அடித்தால் அதுவும் காட்டவேண்டியது. முக்கியமாக, படபடப்பு இருக்கும்போதே வாருங்கள். நின்ற பிறகு எடுக்கும் ஈ.சி.ஜி. பெரும்பாலும் வெறும் நல்ல ஈ.சி.ஜி.யாகத்தான் இருக்கும். பிறகு ‘ஒன்றுமில்லை, யோசினைதான்’ என்ற பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம். படபடப்போடு மயக்கமோ நெஞ்சுநோவோ இருந்தால் எண்ணிக்கொண்டு இருக்கவும் வேண்டாம்.

இப்படிச் சடுதியாக ஓடும் துடிப்பை நிறுத்த முதலில் ஒரு வெறும் சிறிஞ்சியைத் தந்து ஊதச் சொல்வோம், உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்குவோம். அதில் நிற்காவிட்டால் அடினோசின் என்ற ஊசி. முழங்கை மடிப்பிலுள்ள பெரிய நாளத்தில் ஒரே தள்ளாகப் போட்டு, பின்னாலேயே சேலைன் தள்ளவேண்டும். அந்த மருந்து இதயத்தைச் சில வினாடிகள் நிறுத்தி மறுபடி தொடங்கவைக்கும். அந்தச் சில வினாடிகளில் நெஞ்சு இறுகி, முகம் சிவந்து, ‘செத்துப்போகிறேன்’ என்ற உணர்வு வரும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் போடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பொதுவிதி. பங்கருக்குள் கிடந்து அதே உணர்வை உண்மையாகவே அனுபவித்தவருக்கு அது விதியையும் தாண்டியது. “அம்மா, பத்துப் பதினைஞ்சு வினாடிக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும், நான் கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், எண்ணுவம்” என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தியருக்குக் கண்காட்டுவேன். மொனிற்றரின் அலாரமும் அப்படித்தான். ஒட்டி கழன்றாலும் அது கத்தும். என்ன சத்தம் என்று முதல் நாளே விளங்கப்படுத்தாவிட்டால், அது ஒவ்வொரு முறை கத்தும்போதும் பக்கத்துக் கட்டிலிலிருப்பவரும் எழும்பிக் குந்திவிடுவார்.

ஒழுங்கற்ற துடிப்பில் எங்கள் கிளினிக்கில் அதிகம் காண்பது மேலறைகள் நடுங்குவது. வயதாலும் அழுத்தத்தாலும் வரும். சிறுவயதில் தொண்டைநோவுக்குப் பின் வந்த வாதக்காய்ச்சல் வால்வைச் சுருக்கியதாலும் வரும். அந்தக் காய்ச்சல் வந்தவர்கள் மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டுவரவேண்டும். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அது விட்டுப்போன பிள்ளைகள் இப்போது பிள்ளை பெற்ற தாய்மாராக வருகிறார்கள். நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இந்தத் துடிப்புள்ளவருக்கு அதன் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. சுருங்கிய வால்வோடு இருப்பவருக்கு வோர்பரின்தான் இன்னும் நம்பகமான மருந்து.

வோர்பரின் குடிப்பவர் ஐ.என்.ஆர். பார்க்க வரவேண்டும். பொதுவாக அது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கவேண்டும், உலோக வால்வு வைத்தவருக்குச் சிலவேளை அதற்கும் மேலே. நாட்கூலிக்குப் போகும் பெண் ஒரு கிளினிக்குக்கு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அதனால் ஒரு முறை விடுகிறார்கள், பிறகு இரண்டு முறை. அவர்களைப் பேசி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. முடியாத நாளுக்கு முதல் நாளே எடுத்துச் சொல்லுங்கள், திகதியை மாற்றித்தரக் கேளுங்கள். குளிசையை நிறத்தை வைத்துக் குடிக்கவேண்டாம், கம்பனி மாறினால் நிறமும் மாறலாம். மில்லிகிராமைப் பாருங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலையை விடத்தேவையில்லை, ஆனால் ஒரு கிழமை ஒன்றுமில்லாமல் அடுத்த கிழமை நாளும் பொழுதும் என்று சாப்பிட்டால் ஐ.என்.ஆர். ஆடும். ஒருநேரம் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகக் குடிக்கவேண்டாம். மூட்டுநோவுக்கு டைக்குளோபெனாக் வாங்கிப் போடவேண்டாம். மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ தலை அடிபட்டாலோ உடனே வாருங்கள்.

நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையைத் தாளில் சுற்றி மணிபர்சில் வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வெளிச்சமும் காற்றும் பட்டால் அதன் வலு போய்விடும். வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இருக்கட்டும், திறந்து இரண்டு மாதமளவில் புதிதாக மாற்றுங்கள். நோ வந்தால் இருந்துகொண்டு வையுங்கள், நின்றுகொண்டு வைத்தால் மயங்கி விழலாம். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 1990.

அஞ்சியோகிராம் செய்ய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பும்போது செல் துண்டு உடம்பில் இருக்கிறதா என்று கேட்போம். பலர் சொல்லத் தயங்குவார்கள், எதற்குக் கேட்கிறார்களோ என்ற பழைய பயம். அஞ்சியோகிராமுக்கு அது தடையில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கும் இயந்திரம் பெரிய காந்தம் என்பதால் அங்கே மட்டும் துண்டு அசையவோ சுடவோ கூடும். அங்கே கட்டாயம் சொல்லவேண்டும்.

கிளினிக் கொப்பிகள் இடம்பெயர்வில் தொலைந்த காலத்தில் ஒருவருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து என்று அவர் காட்டும் குளிசைத் தாளிலிருந்து ஊகிக்கவேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்கொரு தொலைபேசி இருக்கிறது. கொப்பியின் மருந்துப் பக்கத்தையும் கடைசி ஈ.சி.ஜி.யையும் ஸ்ரெப்ரோகைனேஸ் அட்டையையும் படம் எடுத்து, உங்கள் தொலைபேசியில் ஒன்று, கூட இருக்கும் பிள்ளையின் தொலைபேசியில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு வரும் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.